மில்லு செவுத்துச் சுண்ணாம்பு

…அப்படி இன்னா கொலை நடந்துபோச்சின்னு கேக்கறேன். செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சி கீது, அவ்ளோதானே? ரத்தத்தையா பூசி வெச்சி கீது? எவன் ஊட்டுல நல்ல காரியம்னாலும் மொதல்ல சுண்ணாம்புதான் கலக்குவான். அதுக்குப் போயி உங்க குடுமி சாரு நடு ரோட்டுல தலைய புடிச்சிகினு குந்திட்டாரு. சித்தூரு பஜார் தெருவு, வெள்ளிக்கெழம காத்தால, பால் வண்டி வர்ற நேரம். பால்காரன் பெல்ல அடிச்சி அடிச்சி பாத்தான். அப்பால யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சி, வண்டிய வுட்டு எறங்கி, செருப்ப கழட்டி கையில புடிச்சிகினு தள்ளிக்கினே போனான்.

நீ குந்து பாப்பா. நீ நின்னுகினு இருந்தா நானும் நிக்கணும், எனக்கு போன வாரத்துலருந்து முட்டி புடிச்சிகிச்சி. தோ, அந்த எண்ணெ டப்பாவ கவுத்துப் போட்டு குந்து. ஒட்டாது, அது காலியாகி எந்தக் காலமோ ஆச்சி. பெங்களூர்லருந்து தனியாவா வந்த? பேரு இன்னா… யமுனாவா. நல்ல பேரு, வாயில நொழையுது. உங்க சாரு பேரு நொழைய மாட்டேங்குது, அதான் நாங்க குடுமி சாருன்னு வெச்சிகினோம். கோவிச்சிக்காத. ஆம்பள அத்தினி முடிய பின்னால இஸ்து ரப்பரு போட்டு கட்டிக்கினு வந்தாரா, திருப்பதி மலைக்கி வேண்டிக்கினு வளக்கறாருன்னு நெனைச்சி, "எப்ப சாமி மொட்ட?"ன்னு கேட்டுட்டேன். அன்னைலருந்து அந்த ஆளு எங்கிட்ட மொகம் குடுத்து பேசறதில்ல.

அது இன்னா கையில, பல்லு வெளக்கற பிரஷ்ஷா? ஓ… ஒரு மூலையில தண்ணி போட்டு தேய்ச்சி பாக்கணுமா, சுண்ணாம்பு வருதான்னு. தேய், தேய். உனக்கு குடுத்த வேலைய நீ பாரு. நான் ஒண்ணும் சொல்லல. டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி.

ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த மில்லு சும்மா கெடந்தப்ப எந்த சாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. கப்பல்ல பாமாயிலு வந்து எறங்கிச்சி பாரு, பாக்கெட்டு போட்டு கடைக்கி கடை தொங்கவுட்டான், அதோட கடலெண்ணெக்கி சங்கு ஊதிட்டாங்க. நாகபூஷணம் மொதலாளி ஒரு நாள் வந்து கேட்டுக்கு பூட்டு போட்டாரு. கடலை பொறுக்கின பொம்பளைங்கள்ள பாதி பேரு மாங்கா கம்பெனிக்கி போனாங்க, பாதி பேரு குவைத்துக்கு பாத்திரம் தேய்க்க போனாங்க. மொதலாளி பையன் ஹரிபாபு அமெரிக்காவுக்கு போனான். மொதலாளி மேலயே போய் சேந்துட்டாரு. எங்கள மட்டும் பூட்டோட சேத்து வுட்டுட்டு போனாங்க. எங்கூட்டுக்காரரு செங்கல்வராயன் இங்க வாச்மேனு. கேட்டாண்ட கீது பாரு ரூமு, அதான் எங்க ஊடு. கல்யாணம் கட்டிக்கினு நாகலாபுரத்துலருந்து வந்து எறங்கினது அந்த ரூமுலதான். புள்ள பெத்தது அந்த ரூமுலதான். வேற போக்கெடம் கெடையாது. ஊருக்குப் போனா தம்பி பொண்டாட்டி ஒரு வேள சோறு போடுவா, மறுவேளைக்கி பஸ்ஸு எத்தினி மணிக்கின்னு சொல்லுவா.

பூட்டு போட்ட அப்பால இதுக்குள்ள குடியிருக்காத ஜென்மம் கெடையாது பாப்பா. வவ்வாலு, பொறா, சாரப்பாம்பு, சீட்டு ஆடறவன், சீட்டு ஆடறவன புடிக்க வந்து அவனோட குந்தி ஆடற போலீசு. வெளியில இந்த செவுரு கீதே, நீ இப்ப மூக்க வெச்சி தேய்ச்சிகினு கீறியே, இதான் பஜார் தெருவுக்கே ஒண்ணுக்கு அடிக்கற எடம். இங்க காய் விக்கறவன், வெல்ல மண்டிக்கி வர்றவன், கோர்ட்டுக்கு வர்றவன், எல்லாம் வருசையா நிப்பான். நானும் சாமி படம் ஒட்டிப் பாத்தேன், வெளக்கமாத்த தொங்கவுட்டுப் பாத்தேன். கடைசியில எங்கூட்டுக்காரர ஸ்டூலு போட்டு குந்தவெச்சேன். அவருகிட்டயே பேச்சு குடுத்துக்கினு அடிச்சிட்டு போறானுங்க.

அப்பதான் ஹரிபாபு அமெரிக்காலருந்து வந்து எறங்கினான். கொயந்தையில நான் தூக்கினவன், அதான் அவன் இவன்னு வருது, மத்தவங்க எதிர்ல நானும் பாபுன்னுதான் சொல்லுவேன். வந்தவன் மில்ல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, கண்ணுல தண்ணி வெச்சிகினு, "பொன்னியம்மா, இது பாரம்பரியம்"னான். அப்படின்னா இன்னா பாபுன்னேன். "பழசு பொன்னியம்மா, ஒலகத்துலயே இப்ப பழசுக்குத்தான் மவுசு"ன்னான். எங்கூட்டுக்காரர கைய புடிச்சி இஸ்து முன்னால நிறுத்தினேன். இதுக்கும் எதுனா மவுசு வருமான்னு.

ஓட்டலு கட்டப் போறானாம். இடிச்சிட்டு இல்ல, இடிக்காம. காணிப்பாக்கம் புள்ளையாரு கோயிலுக்கு வர்ற காருக்காரங்க வந்து தங்குவாங்களாம். கீழ காப்பிக் கடை, மேல ரூமு. கடலை கொட்டி வெச்ச குடோன்ல கட்டிலு போட்டு, அதுல படுத்து எழ காசு குடுப்பாங்களாம். குடோன்ல நானும் படுத்து எழுந்திருக்கேன், சீசன் நேரத்துல. எலி கால் வெரல கடிக்கும். அதுக்கு எவனும் பாரம்பரியம்னு பேரு வெக்கல.

அப்பறம்தான் ஓட்டலுக்கு பிளானு போட உங்க சாரு வந்தாரு. மொதல்ல எங்களத்தான் கூப்ட்டாங்க, நானு, லட்சுமம்மா, இன்னும் நாலஞ்சி பொம்பளைங்க. சுத்தம் பண்ணுங்கன்னாங்க. பண்ணோம். பொறா பீய மட்டும் லாரியில அள்ளினோம். செவுத்துல வேரு வுட்ட அரச மரத்த புடுங்கினோம். முனிசிபாலிட்டிக்காரன் உள்ள கொட்டி வெச்ச ஊரு குப்பைய அவன் வண்டியிலயே திரும்ப ஏத்தினோம். சரி, இப்ப செவுத்த கழுவலாம்னு பக்கெட்ட தூக்கினேன், உங்க சாரு ஓடி வந்து பக்கெட்ட புடிச்சிகினாரு. கழுவக் கூடாதாம். அந்த கருப்பு வேணுமாம். அது எண்ணெப் பொகை சாமி, தொட்டா கையில ஒட்டும்னேன். ஒட்டட்டும்னாரு. இரும்புத் தூணுல துரு கீதுன்னேன். துரு இருக்கட்டும்னாரு. புதுசா ஒரு கதவு வந்துச்சி பாப்பா, பளபளன்னு, நல்ல தேக்கு. அத்த சங்கிலி வெச்சி அடிச்சி, ஆணியால கீறி, பழசாட்டம் ஆக்கச் சொன்னாரு. பழச சுத்தம் பண்ணக் கூடாது, புதுச நாஸ்தி பண்ணணும். அன்னைக்கு ராத்திரி நான் சோறு துன்னல, சிரிச்சி சிரிச்சி வவுறு புடிச்சிகிச்சி.

வருதா? வரலையா? மெல்ல தேய், மெல்ல தேய்.

இன்னா, மில்லு ஓடினப்ப எப்படி இருந்துச்சின்னா கேக்கற? எழுதிக்கப் போறியா? உங்க சாரும் கேட்டாரு. கேமராவ வெச்சிகினு, "உங்க நெனைவுகள சொல்லுங்கம்மா"ன்னாரு. இன்னாத்த சொல்றது. சூடு. காது அடைக்கிற சத்தம். புண்ணாக்கு நாத்தம். தலைக்கு எண்ணெ வெக்கவே வேணாம், காத்துலயே வந்து ஒட்டிக்கும். சாயந்திரம் மேஸ்திரி மடியத் தடவிப் பாப்பான், கடலை எடுத்துக்கினு போறோமான்னு. ஒரு நாள் கைய கடிச்சி வெச்சேன். இத்த சொன்னா கேமராவ மூடிட்டாரு. "நல்லதா எதுனா"ன்னாரு. மில்ல மூடின அன்னைக்கு ஒரு வேள நிம்மதியா தூங்கினேன், அத்த எழுதிக்கங்கன்னேன்.

ஆனா அந்த முன் செவுத்து எழுத்த மட்டும் உங்க சாரு கோயிலு சாமியாட்டம் பாத்தாரு. ஆமா, மேல இருந்துச்சே, மூணு பாஷையில, தெலுங்கு, தமிழு, இங்கிலீசு. மில்லு பேரு, பக்கத்துல எண்ணெ டப்பாவ இடுப்புல வெச்சிகினு ஒரு பொம்பள. நாகபூஷணம் மொதலாளியோட அப்பாரு காலத்துல எழுதினது. பாதி எழுத்து கரைஞ்சி, பொம்பளைக்கி ஒரு கண்ணு போயி, பாக்கவே கண்றாவியா இருந்துச்சி. அத்த போட்டோ புடிச்சி பத்திரிகையில அடிச்சாங்க. காப்பிக் கப்பு, தட்டு, கை தொடைக்கிற பேப்பரு, எல்லாத்துலயும் அதே ஒத்தக் கண்ணு பொம்பள. ஓட்டலுக்கு மூஞ்சியே அதுதானாம்.

என்னையும் ஹரிபாபு வுட்டுடல, அத்தையும் சொல்லணும். "பொன்னியம்மா, ரூமு உனக்குத்தான், உசுரு இருக்கற வரைக்கும் இரு. ஓட்டல்ல சுத்தம் பண்றவங்களுக்கெல்லாம் நீதான் மேஸ்திரி"ன்னான். நீலக் கலர்ல பொடவை, அதே பொம்பள படம் முந்தானையில. எம்மேலயே நான் சும்மா ஒரு தடவ போத்திப் பாத்தேன். கண்ணாடியில பாத்தா ரெண்டு பொம்பள. அவளுக்கு ஒத்தக் கண்ணு, எனக்கு கண்ணுல பொரை. பொருத்தமாத்தான் இருந்துச்சி.

அப்பறம் எப்படி இந்த சுண்ணாம்புன்னு கேக்கறியா. அதான் வரேன், இரு. எங்க வுட்டேன்… ஆங், திறப்பு விழா. வெள்ளிக்கெழம காத்தால பூஜைன்னு நாளு குறிச்சாச்சி. ஹரிபாபுவோட அம்மா, பத்மாவதம்மா, திருப்பதியில கீறாங்க, அலிபிரி பக்கம் ஊடு. அவங்க போன் பண்ணாங்க, ஹரிபாபுக்கு இல்ல, எனக்கு. "பொன்னி, லட்சுமி வர்ற எடம், சுத்தமா இருக்கணும், அந்தப் பசங்களுக்கு ஒரு எழவும் தெரியாது, நீதான் பாத்துக்கணும்"னாங்க. சரிம்மான்னேன். நான் இன்னா சொல்ல முடியும்? பூஜைன்னா செவுரு வெள்ளையா இருக்கணும், கீழ காவிப் பட்டை இருக்கணும். ஒண்ணுக்கு அடிச்ச செவுத்துக்கு முன்னால ஐயரு வந்து குந்தி மந்திரம் சொல்லுவாரா? அந்தம்மா வயசுக்கு அத்த வாய தெறந்து சொல்லவா வேணும்?

இல்ல இல்ல. அவங்க சுண்ணாம்பு அடின்னு சொன்னாங்கன்னு நான் சொல்லல. பொதுவா சொல்றேன்.

வியாழக்கெழம இங்க யாரும் இல்ல. ஹரிபாபுவும் உங்க சாரும் சோபா எடுத்துக்கினு வர பெங்களூரு போயிட்டாங்க. முன் செவுரு முழுக்க பச்சத் துணி கட்டி மூடி வெச்சிருந்துச்சி, செலை தொறக்கறாப்பல மறுநா துணிய இஸ்து தொறக்கணும்னு ஹரிபாபுவோட ஐடியா. துணிக்கி உள்ள சாரம். சாரம் சுந்தர்சிங்கோடது. அதான் பெயிண்டரு, சர்ச்சு தெருவுல கீறானே. ஜன்னலுக்கு எண்ணெ பூச அவன் சாரம் கட்டினான். அவனும் அவன் ஆளுங்களும் அன்னைக்கு வேலூரு போயிட்டாங்க, எவனுக்கோ கல்யாணம். ஆக, துணிக்கி பின்னால எவன் ஏறினான், எவன் எறங்கினான், யாருக்குத் தெரியும். பஜார்ல கேட்டா எல்லாம் அதையேதான் சொல்றான், யாரோ பிரஷ்ஷு போட்டுக்கினு இருந்த சத்தம் கேட்டுச்சி, பெயிண்டருங்கன்னு நெனைச்சோம்னு.

நானா? நான் இங்கதான் இருந்தேன். எங்க போவேன். உள்ள வேலை. தல வேற வலி.

வெள்ளிக்கெழம காரு வந்துச்சி, சொந்தக்காரங்க வந்தாங்க, மேளம் வந்துச்சி. பத்மாவதம்மா பட்டுப் பொடவையில வந்து எறங்கினாங்க. ஹரிபாபு அம்மா கையில கயித்த குடுத்து இஸுக்கச் சொன்னான். அந்தம்மா இஸ்தாங்க. துணி வுழுந்துச்சி. பாப்பா, நீ பாத்திருக்கணும். காத்தால வெயிலு நேரா செவுத்துல அடிக்குது. பாலு. சுத்தமான பாலு. ஒரு திட்டு கெடையாது, ஒரு ஒழுகல் கெடையாது. கீழ காவிப் பட்டை, நூலு புடிச்சி போட்டாப்பல. மேளக்காரன் வாசிக்கறத நிறுத்திட்டான். உங்க சாரு ரோட்டுல குந்திட்டாரு. பத்மாவதம்மா கன்னத்துல போட்டுக்கினு, "இப்புடே இல்லுலா உந்தி"ன்னாங்க. இப்பதான் ஊடு மாதிரி கீதுன்னு. அந்தம்மா ஒருத்திக்குத்தான் அங்க கண்ணு இருந்துச்சி.

ஹரிபாபு கத்தினான் பாரு, "எவரு சேசாரு இதி? எவரு சேசாரு?"ன்னு, எவன் பண்ணான் இத்தன்னு. அமெரிக்கா போனவன், கோவம் வந்தா சித்தூரு தெலுங்குதான் வருது. இத்த செஞ்சவன் இனிமே என் காம்பவுண்டு உள்ள கால வெக்கக் கூடாது, எவனா இருந்தாலும் சரி, சாமி மேல சத்தியம்னுட்டான். ஐயரு எதிர்ல, கும்பத்து எதிர்ல. எல்லாரும் எல்லாரையும் பாத்தாங்க. யாரோ சொன்னான், சாரம் சுந்தர்சிங்குதுதானேன்னு. நான் சொல்லல. நான் வாயவே தொறக்கல, வேணும்னா உங்க சாரக் கேளு. அவ்ளோதான், ஹரிபாபு சுந்தர்சிங்க போன்ல கூப்ட்டு, ஆளையும் சாரத்தையும் தூக்கிக்கினு போடான்னுட்டான்.

எனக்கு அவன் மேல ஒண்ணும் பகை இல்ல. ஆனா கண்ணு, அவன் பண்ற அலட்டலு இருக்கே. சாரத்து மேல குந்திக்கினு பாட்டு பாடுவான், சர்ச்சு பாட்டு, கீழ நாங்க பொறா பீ அள்ளிக்கினு இருக்கோம், மேல பரலோகம். டீ குடிச்சா டம்ளர கழுவி கவுத்து வெக்க மாட்டான். ஒரு நாள் எங்கிட்ட வந்து, "அக்கா, சுண்ணாம்பெல்லாம் அந்தக் காலம், இப்ப எமல்ஷன்தான்"னான். இவன் எனக்கு சொல்றான். இவன் அப்பன் பாலையா மிஷன் ஸ்கூலுக்கு சுண்ணாம்பு அடிச்சான், அத்த நான் பாத்திருக்கேன், சாஞ்சா முதுகுல பாதி செவுரு வரும். அந்த வம்சம்.

இருந்தாலும்… அவன் பொண்டாட்டி லோயிஸு முந்தா நேத்து இங்க கேட்டாண்ட வந்து நின்னுச்சி. வெயில்ல. உள்ள வாடின்னேன், வரல. இந்த ஓட்டலு வேலைய நம்பித்தான் அவன் குவைத்துக்கு போகாம நின்னானாம். வருசம் முழுக்க பெயிண்டு வேலை உனக்குத்தான்னு ஹரிபாபு வாக்கு குடுத்திருந்தானாம். இப்ப மறுபடி ஏஜெண்ட போயி பாத்துட்டு வந்துட்டானாம், பொண்ணு பத்தாவது படிக்குதாம். "அக்கா, நீங்க இங்கதானே இருந்தீங்க, யாரு செஞ்சாங்கன்னு தெரியாதா அக்கா"ன்னுச்சி. தல வலின்னு உள்ள படுத்திருந்தேன்மான்னேன். அது என் கையவே பாத்துக்கினு இருந்துச்சி. அப்பறம், "கைக்கி தேங்காயெண்ணெ போடுங்க அக்கா, வெந்து கீது"ன்னுட்டு போச்சி.

கையா? அது ஒண்ணும் இல்ல. வெயிலு. சோப்பு ஒத்துக்கல.

எங்கூட்டுக்காரரு எங்கன்னு கேக்கறியா? அவரு வெள்ளிக்கெழம ஹரிபாபு சத்தியம் பண்ண ஒடனே நாகலாபுரம் பஸ்ஸ புடிச்சிட்டாரு. பெருமாளுக்கு வேண்டுதலாம். இத்தினி வருசத்துல அந்த மனுசன் கோயிலுக்கு போனது பொங்கலு துன்னத்தான். என்ன கேட்டா, பயம். "நீ ஆச்சி, உன் செவுரு ஆச்சி"ன்னுட்டு போயிட்டாரு… அதாவது, மில்லு செவுரு. அப்படி ஒரு பேச்சுக்கு சொன்னாரு.

இன்னும் தேய்ச்சிகினு கீறியா? வரல இல்ல? காட்டு பாப்போம். ஹூம். வெரல வெச்சி தேய். இன்னும் அழுத்தித் தேய். வெரல்ல எதுனா ஒட்டுதா பாரு. ஒட்டல இல்ல. பொடவையில ஒரசிப் பாக்கறேன் பாரு. தோ, ஒண்ணும் இல்ல.

இன்னா சொல்ற? உங்க சாரு சொன்னாரா? பெயிண்டருங்க அவசர அவசரமா அடிச்ச மட்டமான சுண்ணாம்பு, தண்ணி பட்டாலே கரைஞ்சிடும்னா? அப்படியா சொன்னாரு. மட்டமான… சரி, சொல்லட்டும். எனக்கு இன்னா. நான் ஒண்ணும் பேசல.

இது இன்னா பாட்டிலு? மருந்தா? இத்த தடவினா சுண்ணாம்பு மட்டும் கரைஞ்சி வந்துடும், அடியில எழுத்து இருக்குமா. எழுத்து பத்திரமா இருக்கும்னு சாரு நம்பிக்கையா கீறாரா. எண்ணெப் பெயிண்டு எழுத்து, அது மேல மட்டமான சுண்ணாம்பு, அதனால எழுத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காதா. ஹரிபாபு அத்த நம்பித்தான் அமெரிக்காவுக்கு டிக்கெட்டு போடாம காத்துக்கினு கீறானா.

ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? எண்ணெப் பெயிண்டு மேல சுண்ணாம்பு எப்படி நிக்கும்? ஒரு வாரத்துல அப்பளமா பொரிஞ்சி உதுந்துடாதா? அடிக்கறதுக்கு முன்ன தேய்க்க வேணாமா? செங்கல்ல ஒடைச்சி, ஒரு எழுத்து வுடாம, தெலுங்கு, தமிழு, இங்கிலீசு, அந்த பொம்பள, அவ டப்பா, எல்லாத்தையும் சொரண்டு சொரண்டுன்னு சொரண்டி, செவுரு பூனை நாக்காட்டம் ஆன அப்பாலதான் தண்ணியே தெளிக்கணும். நானும் லட்சுமம்மாவும் தோலு உரிய உரிய தேய்ச்சோம். அந்த ஒத்தக் கண்ணு இருக்கே, அது போகவே மாட்டேன்னுச்சி, அதுக்குன்னு தனியா அம்மிக் குழவிய எடுத்துக்கினு ஏறினேன். கிளிஞ்ச சுண்ணாம்பு ராத்திரி ஊறவெச்சி, துணியில வடிகட்டி, கொழகொழன்னு அரிசிக் கஞ்சி, கல்லுப்பு, கடைசியில ஒரு சிட்டிகை நீலம். ஒரு கோட்டு காஞ்ச அப்பறம்தான் மறு கோட்டு. அத்தப் போயி மட்டமான சுண்ணாம்பாம். சும்மா கலக்கி மேல ஊத்திட்டு வேலூருக்கு கல்யாணம் துன்னப் போறதுக்கு, என்ன இன்னா சுந்தர்சிங்குன்னு நெனைச்சாரா உங்க சாரு?

…

இன்னா பாப்பா, பிரஷ்ஷ கீழ வெச்சிட்ட.

அது வந்து… லட்சுமம்மா சொன்னா. அவதான் சொன்னா, இந்த மாதிரி யாரோ பண்ணியிருப்பாங்கன்னு. அவ இப்ப மாங்கா கம்பெனிக்கி போயிட்டா, அவளக் கேக்க முடியாது.

அப்படிப் பாக்காத. எழுத்து இல்லாட்டி போவுது, கப்புல கீது, தட்டுல கீது, பேப்பர்ல கீது. போட்டோ வெச்சிகினு கீறீங்க. எவனாச்சும் திரும்ப எழுத மாட்டானா? பழசாட்டம் ஆக்கறதுக்குத்தான் உங்க சாருக்கு கை வந்த கலையாச்சே, சங்கிலியால அடிச்சி, ஆணியால கீறி… அழுவறியா? ஏம்மா, நீ இன்னாத்துக்கு அழுவற? உன் பாட்டன் வூட்டு மில்லா? சாரு திட்டுவாரா… சரி, சரி, அழுவாத. மூக்க தொடை.

போன எடு. யாருக்கு பண்ணணுமோ பண்ணு. உங்க சாருக்கு வேணாம், அவரு மறுபடி எங்கியாச்சும் ரோட்டுல குந்திடுவாரு. ஹரிபாபுக்கே பண்ணு. எழுத்து கெடையாது, செங்கல்ல போட்டு தேய்ச்சாச்சி, தேய்ச்சது பொன்னியம்மான்னு சொல்லு. சாமி மேல சத்தியம் பண்ணிட்டான், அத்த அவன் மீற மாட்டான், அவன எனக்குத் தெரியும். ரூமு சாவி உள்ள ஆணியில தொங்குது. பொடவை ரெண்டு, பாத்திரம் நாலு, கட்டறதுக்கு எத்தினி நேரம் ஆவும். தம்பி பொண்டாட்டிக்கி பஸ் டைமு நான் சொல்லிக்கறேன்.

லோயிஸு புருசன இன்னைக்கே கூப்புடச் சொல்லு. ஏஜெண்ட்டுகிட்ட போயி கையெழுத்து கிய்யெழுத்து போட்டுட போறான் பைத்தியக்காரன். வேலைய அவனுக்கே குடுக்கச் சொல்லு. உள்ள ரூமு, ஜன்னலு, கேட்டு, எத்த வேணாலும் அடிக்கட்டும். ஆனா பாப்பா, ஒண்ணே ஒண்ணு, இத்த மறக்காம சொல்லு. இந்த முன் செவுத்த மட்டும் அவன் கையில குடுத்துட வேணாம்னு. மூணு மழைக்கி நிக்கற செவுரு இது. அவன் தொட்டான்னா ஆடி மாசக் காத்துக்கே பேந்துக்கும்.